தாத்தாவோட தோட்டாப் பெட்டி

போன போகிக்கு முந்தின நாள் நங்கநல்லூர் வீட்டுல பரண் க்ளீன் பண்ணிட்டு இருந்தேன். அம்மா கீழ நின்னு ஒவ்வொண்ணா வாங்கி இது வேணும் இது வேணாம்னு பிரிச்சுட்டு இருந்தாங்க, அப்பதான் கடைசி மூலைல ஒரு மரப்பெட்டி, மூடி உளுத்துப் போயி, மேல பூரா தூசி. அம்மா பாத்த உடனே "அது வெறும் உளுத்த பெட்டிடா, அப்படியே வெச்சுடு, நாளைக்கு காலைல தெருவுல கொளுத்தறப்ப போட்டுடலாம்"னாங்க. நானும் சரின்னுதான் தூக்கினேன், தூக்க முடியல, அவ்வளவு கனம். அதனாலதான் திறந்து பாத்தேன்.

உள்ள பழைய வேட்டித் துணில சுத்தின பித்தளை சாமான், மரக் கைப்பிடி போட்ட ஒரு சின்ன அளவுக் கரண்டி, மேஜை ஓரத்துல மாட்டி கைப்பிடி சுத்தற மாதிரி ஒரு மெஷின், அட்டைப்பெட்டில வட்டமா வெட்டின ஃபெல்ட்டு (கெட்டிக் கம்பளித் துணி), கொஞ்சம் காலித் தோட்டா, ஒரு நோட்டு. எல்லாத்துக்கும் அடில மெழுகு வெச்சு மூடின ஒரு தகர டப்பா, லேபிள் இல்ல, தூக்கினா உள்ள சரசரன்னு சத்தம். டப்பா மூடி ஓரத்துல செங்கல் பொடி மாதிரி ஏதோ கசிஞ்சு காஞ்சு இருந்துது. எனக்கு உடம்பு அப்படியே சில்லிட்டுப் போச்சு, ஏன்னா அது கெட்டுப்போன துப்பாக்கி மருந்துன்னு எனக்குத் தெரியும். அந்த டப்பாவோட அந்தப் பெட்டி மறுநாள் தெருப் பசங்க சுத்தி நிக்கற நெருப்புல போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சா இன்னைக்கும் தூக்கம் வராது.

தாத்தா, அதாவது அப்பாவோட அப்பா, மதுராந்தகம் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் போட்டவரு. பயிர்ப் பாதுகாப்புக்குன்னு லைசன்ஸ் வாங்கின 12 போர் ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒண்ணு வெச்சிருந்தாரு, காட்டுப்பன்னிக்கு. பறவைய சுட மாட்டாரு. எங்க ஊர்ல இருந்து வேடந்தாங்கல் ரொம்ப தூரம் இல்ல, அந்த சனங்க ஏரிக்கு வர பறவைய வெள்ளைக்கார சிப்பாய்ங்க சுடறாங்கன்னு 1798லயே செங்கல்பட்டு கலெக்டரா இருந்த லயனல் பிளேஸ் கிட்ட போய் பாதுகாப்பு எழுதி வாங்கினவங்க, அந்தப் பேச்சு எங்க சுத்துவட்டாரத்துல எல்லா வீட்டுலயும் உண்டு. 1972ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தப்புறம் துப்பாக்கி சுவத்துலயே தொங்குச்சு, அவர் போனப்புறம் அப்பா அத முறைப்படி ஒப்படைச்சுட்டாரு. ஆனா தோட்டா கட்டற சாமான் பரண்ல இருந்தத யாரும் கவனிக்கல.

எனக்கு இது என்னன்னு எப்படித் தெரியும்னா, 2018ல ஆபீஸ் ப்ராஜக்ட்டுக்கு 7 மாசம் அமெரிக்கால விஸ்கான்சின்ல இருந்தேன், பெரியப்பா பையன், எனக்கு அண்ணன், அங்கதான் செட்டில். அவன் ஞாயித்துக்கிழமையானா களிமண் தட்டு சுடற க்ளப்புக்குப் போவான், அதுக்கு வேண்டிய தோட்டாவ அவனே வீட்டு கராஜ்ல ரீலோட் பண்ணுவான். மெக் 600 ஜூனியர்னு ஒரு மெஷின், யாரோ ஒரு பெரியவரு வித்தத செகண்ட் ஹேண்டுல வாங்கினது, பச்சை பெயின்ட் பாதி உரிஞ்சு இருக்கும். அந்த மெக் கம்பெனி ஆரம்பிச்ச ஊரே அந்த மாநிலத்துல இருக்கற மேவில்தான், அதனால அந்தப் பக்கம் இந்த மெஷின் நம்ம ஊர்ல டேபிள் டாப் க்ரைண்டர் மாதிரி சகஜம். அங்கதான் நான் மொதல்ல லீவர் பிடிச்சு இழுத்தேன்.

தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். துப்பாக்கித் தோட்டால ரெண்டு ஜாதி, ரைஃபிளுக்கு ஒத்தைக் குண்டு, ஷாட்கன்னுக்கு ரவை, அதாவது குட்டிக் குட்டி ஈய உருண்டை. பழைய ஷாட்கன் தோட்டா வெளில பாத்தா ஒரு குழாய், ஆனா உள்ள அடுக்கு அடுக்கா இருக்கும், அடில அடிச்சா நெருப்புப் பொறி விடற சின்ன கேப்பு, அதுக்கு மேல வெடிமருந்து, மருந்துக்கு மேல ஒரு கெட்டி அட்டை, அப்புறம் ஃபெல்ட்டு, அதுக்கு மேல ஈய ரவை, ரவைக்கு மேல மெல்லிசா இன்னொரு அட்டை, கடைசில குழாயோட வாய உள்பக்கமா சுருட்டி மூடணும். சுட்டப்புறம் குழாய் மட்டும் மிஞ்சும். அந்தக் காலிக் குழாய்ல வெடிச்ச கேப்ப தட்டி எடுத்துட்டு புது கேப்பு வெச்சு மறுபடி அடுக்கறதுதான் ரீலோடிங். 12 போர்ங்கற பேரு கூட அந்தக் கால கணக்குதான், குழல் வாய்க்கு சரியா பொருந்தற ஈய உருண்டை 12 சேந்தா ஒரு பவுண்டு, அந்த விட்டம் 18.5 மில்லிமீட்டர். போர் நம்பர் ஏற ஏற குழல் சின்னதாகும், 20 போர் 12 போர விட ஒல்லி.

பெட்டிய திறந்த அன்னைக்கே நான் பண்ண மொத வேலை அண்ணனுக்கு வீடியோ கால். டப்பாவ காட்டினதும் அவன் மூஞ்சி மாறிடுச்சு, "திறக்காத, ஆட்டாத, வெயில்ல வைக்காத, மொதல்ல வீட்ட விட்டு வெளில எடுக்க வழி பாரு"ன்னான். ரெண்டாவது வேலை வக்கீலா இருக்கற ஃப்ரெண்டுக்கு போன். அவன் சொன்னது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. 1959 ஆயுதச் சட்டத்துல அம்யூனிஷன்ங்கற வார்த்தைக்கு குடுத்திருக்கற விளக்கத்துலயே தோட்டாவோட பாகமும் தோட்டா செய்யற மெஷினும் சேந்துதான் வருது. அதாவது வெறும் பித்தளை சாமான்தானேன்னு நெனச்சு ஷோகேஸ்ல வெச்சாலே சட்டத்துல மாட்டலாம். தயாரிக்கணும்னா அதே சட்டத்துல 5ஆவது பிரிவுல தனி லைசன்ஸ் வேணும். அமெரிக்கால அண்ணன் கராஜ்ல பண்ற மாதிரி இங்க யாரும் வீட்டுல பண்ண முடியாது, பண்ணவும் கூடாது. இத படிச்சுட்டு யாராவது தாத்தா பெட்டிய எடுத்து டேபிள்ல பரப்பினீங்கன்னா தயவு செஞ்சு மூடி வெச்சுட்டு ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடுங்க, அதத்தான் நானும் பண்ணேன். அவங்க வந்து டப்பாவ பாதுகாப்பா எடுத்துட்டுப் போனாங்க. மத்த சாமான எழுதிக் குடுத்துட்டு மவுண்ட் ரோடு பக்கம் இருக்கற ஒரு பழைய லைசன்ஸ் துப்பாக்கிக் கடைல ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டேன்.

அந்தக் கடைல ரிப்பேர் பாக்கற பாய் இருக்காரு, 70 தாண்டிடுச்சு, இன்னும் கண்ணாடி இல்லாம அரம் போடறாரு. சாமான பாத்ததும் அவர் கை நின்னுடுச்சு. கைப்பிடி மெஷின தூக்கி வெளிச்சத்துல திருப்பினாரு, "தம்பி இது டிக்சன், ஷெஃபீல்ட் சரக்கு, இப்ப யாரு செய்யறா"ன்னாரு. ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ், அந்தக் காலத்துல மருந்துக் குடுவையும் தோட்டா சாமானும் செஞ்ச இங்கிலாந்து கம்பெனி, பித்தளைல பேரு இன்னும் தெளிவா இருக்கு. "சனிக்கிழமை வா, மருந்து இல்லாம டம்மி கட்ட கத்துக் குடுக்கறேன்"னாரு. அப்படித்தான் ஆரம்பிச்சுது.

மொதல்ல நோட்ட பத்தி சொல்லணும். 1958ல இருந்து 1969 வரைக்கும் தாத்தா கைப்பட எழுதினது, ஊதா மை, எத்தனை தோட்டா கட்டினாரு, எத்தனை வெடிச்சுது, எத்தனை நமுத்துது எல்லாம். மருந்து அளவு பூரா டிராம்ல இருக்கு. டிராம்ங்கறது கருமருந்து (புகை கக்கற பழைய வெடிமருந்து) காலத்து அளவு, ஒரு டிராம் 27.34 கிரெய்ன். கருமருந்த கரண்டில மொண்டுதான் போடுவாங்க, எடை போட மாட்டாங்க, அதுக்கு அது போதும். அப்புறம் புகையில்லா மருந்து வந்தப்ப அது அதே எடைல பல மடங்கு பலம், ஆனா ஜனங்களுக்கு டிராம்தான் பழக்கம், அதனால கம்பெனிக்காரங்க பெட்டி மேல "3 டிராம் சமம்"னு போட ஆரம்பிச்சாங்க. இதோட அர்த்தம் 3 டிராம் கருமருந்து எவ்வளவு வேகத்துல ரவைய தள்ளுமோ அவ்வளவு வேகம் இந்தத் தோட்டாலயும் வரும், அவ்வளவுதான். உள்ள இருக்கற மருந்து 3 டிராம் கிடையாது, அதுல பாதிக்கும் கீழ. இத புரிஞ்சுக்காம கருமருந்துக் கரண்டில புகையில்லா மருந்த ரொப்பினவங்க குழல் கிழிஞ்சு விரல் போயிருக்கு.

பாய்க்கு இத நான் சொன்னப்ப அவர் ஒரே வரில முடிச்சாரு, "ஒரு ஆழாக்கு அரிசியும் ஒரு ஆழாக்கு பொரியும் ஒண்ணா தம்பி?" அதுக்கு மேல விளக்கம் தேவையில்ல. தாத்தா கரண்டி ஒரு ஆழாக்கு. அதுல என்ன மொள்றோம்ங்கறது கரண்டிக்குத் தெரியாது.

அண்ணன் கிட்ட இருந்த மெக் மெஷின்லயும் இதே விஷயம் வேற ரூபத்துல இருக்கு. அதுல புஷ்ஷிங்னு ஓட்டை போட்ட ஒரு சின்ன உலோக வளையம், அந்த ஓட்டை சைஸ்தான் மருந்தோட அளவு, இந்த மருந்துக்கு இந்த நம்பர் புஷ்ஷிங்னு சார்ட் இருக்கும். புதுசா ஆரம்பிக்கறவங்க சார்ட்ட பாத்து போட்டுட்டு போயிட்டே இருப்பாங்க. அண்ணன் ஒவ்வொரு தடவையும் 10 தடவை கொட்டி தராசுல நிறுத்துப் பாத்துட்டுதான் மேல போவான், ஏன்னா லீவர எவ்வளவு வேகமா தட்டறோம், டப்பால மருந்து எவ்வளவு இருக்கு இதுக்கெல்லாம் எடை மாறும். நான் போன மொத வாரமே லீவர் பிடிக்கணும்னு துடிச்சேன், அவன் 3 ஞாயிறு என்னை வெறும் தராசு முன்னாடி உக்கார வெச்சான். அப்ப கடுப்பா இருந்துது. இப்ப அவன் மேல அவ்வளவு நன்றி இருக்கு.

பழைய மெஷின்ல இன்னொரு விஷயம், மருந்து விழாம போறது. கசடு சேந்து மருந்த அளந்து விடற பட்டை பாதில நின்னுச்சுன்னா ஒரு தோட்டால மருந்தே இருக்காது, வெளில பாத்தா வித்தியாசம் தெரியாது. அத சுட்டா டமால்னு கேக்காது, பொத்துன்னு ஒரு மந்தமான சத்தம், கேப்போட பலத்துல ஃபெல்ட்டு பாதிக் குழல்ல போய் அடைச்சுக்கும். அது தெரியாம அடுத்தத சுட்டா குழல் வெடிக்கும். அதனால சத்தம் கொஞ்சம் மாறினாலும் சுடறத நிறுத்தி, துப்பாக்கிய மடக்கித் திறந்து, தோட்டாவ எடுத்துட்டு, குழல் வழியா வானம் தெரியுதான்னு பாத்துட்டுதான் அடுத்தது. அண்ணன் க்ளப்புல ஒரு நாள் பக்கத்து ஆளுக்கு அந்தப் பொத்து சத்தம் வந்துது, சுத்தி இருந்த 5 பேரும் ஒரே நேரத்துல "நிறுத்து"ன்னு கத்தினாங்க. குழல்ல ஃபெல்ட்டு அடைச்சுட்டுதான் இருந்துது.

பழைய சாமான்ல எத நம்பலாம் எத நம்பக்கூடாதுன்னு எனக்கு இப்ப ஒரு தீர்மானமான அபிப்பிராயம் இருக்கு. இரும்பும் மரமும் நம்பலாம், கசடு எடுத்து எண்ணெய் போட்டா 100 வருஷம் உழைக்கும். மருந்த நம்பவே கூடாது. புகையில்லா மருந்து நைட்ரோசெல்லுலோஸ், அது சும்மா இருக்கறப்பவே மெல்ல சிதையும், சூடு அத வேகப்படுத்தும், நம்ம ஊர் மே மாசத்துல பரண்ல இருக்கற சூடு உங்களுக்கே தெரியும். சிதைஞ்சா புளிச்ச காட்டமான வாடை வரும், செம்மண் கலர்ல பொடி வரும். நான் டப்பா ஓரத்துல பாத்தது அதுதான். லேபிள் இல்லாத மருந்து நல்லா இருந்தாலும் குப்பைதான், என்ன மருந்துன்னு தெரியாம அளவு எங்க இருந்து வரும்?

பித்தளைய பத்தி நான் முழுசா நம்பிட்டு இருந்தேன், அத பாய்தான் உடைச்சாரு. பெட்டில 14 பித்தளைக் கேஸ் (காலித் தோட்டாக் குழாய்) இருந்துது, தேச்சா தங்கம் மாதிரி. நம்ம பக்கம் பித்தளைய விரும்பினதுக்குக் காரணம் இந்த ஈரம். அந்தக் கால காகிதத் தோட்டா ஐப்பசி கார்த்திகைல ஈரம் இழுத்து ஊதிக்கும், குழல்ல ஏறாது, ஏறினா இறங்காது. ஈலிங்கற (Eley) இங்கிலாந்து தோட்டாக் கம்பெனி இந்த மாதிரி வெப்ப நாட்டுக்குன்னே பெகமாய்டுன்னு தண்ணி புகாத காகிதத்துல கேஸ் போட்டாங்க. அதுக்கெல்லாம் அப்புறம் 1960ல அமெரிக்காவோட ரெமிங்டன் கம்பெனி ப்ளாஸ்டிக் தோட்டாவ கொண்டு வந்தது. பித்தளைக்கு ஈரப் பிரச்சனை இல்ல, ஆனா பழைய கேப்புல பாதரச ஃபல்மினேட்டு இருந்தது, அது வெடிக்கறப்ப பாதரசம் பித்தளைக்குள்ள ஊறி அத மொறுமொறுன்னு ஆக்கிடும், கண்ணுக்குத் தெரியாது. பாய் ஒண்ணொண்ணா காதுகிட்ட வெச்சு நகத்தால சுண்டினாரு, மண் பானை வாங்கறப்ப தட்டிப் பாப்போம்ல அப்படி, அப்புறம் லென்ஸ் வெச்சு அடியோரத்த பாத்தாரு. 14ல 5ல மயிரிழை விரிசல். மீதி 9ம் டம்மிக்கு மட்டும்தான்னு தனி டப்பால போட்டுட்டாரு.

ரவைப் பை ஒண்ணு இருந்துது, ஈயம் மேல பூரா வெள்ளையா பூத்து. நான் கைய விடப் போனேன், பாய் என் மணிக்கட்ட பிடிச்சுட்டாரு. அந்த வெள்ளைப் பொடி ஈய விஷம். க்ளவுஸ் போட்டு எடுத்து தனியா கட்டி வெச்சோம். அந்த மேஜைல டீ கிடையாது, வடை கிடையாது, எழுந்திரிச்சா சோப்பு போட்டு கை கழுவிட்டுதான் வெளில போய் டீ.

இப்ப டம்மிக்கு வரேன். வெடிச்ச கேப்பு அப்படியே இருக்கற காலிக் காகிதக் கேஸ், உள்ள டார்ச் அடிச்சு இருட்டுல பாக்கணும், ஊசி ஓட்டை இருந்தா வெளிச்சம் கசியும், அது தள்ளுபடி. பக்கத்துல சின்னதா ட்ரில் போட்டு ஒரு ஓட்டை, பாக்கறவங்களுக்கு இது டம்மின்னு தெரியணும். மருந்து இடத்துல மரத்தூள். ஃபெல்ட்டு பழசு பூச்சி அரிச்சுடுச்சு, அதனால பாரிஸ் கார்னர்ல ஷீட்டா வாங்கி தாத்தாவோட வட்டம் வெட்டற பஞ்ச் (punch) வெச்சே வெட்டினேன், அத சாணை பிடிச்சா போதும், வெட்டு அவ்வளவு சுத்தம். பித்தளைக் கேஸ்னா சுவர் மெல்லிசு, உள்வாய் அகலம், அதுக்கு 12 போர் ஃபெல்ட்டு லூஸா இருக்கும், ஒரு சைஸ் பெருசா 11 இல்லன்னா 10 போர் வேணும், அது தாத்தா நோட்டுலயே இருக்கு. பித்தளை வாய சுருட்டவும் முடியாது, மேல் அட்டைய மெழுகு வெச்சு ஒட்டறதுதான்.

ரவைக்கு பதிலா மொதல்ல கடுகு போட்டேன். ட்ரில் போட்ட ஓட்டை வழியா பூரா ஒழுகிடுச்சு. அப்புறம் மிளகு. மிளகு ஈயம் மாதிரியே உருண்டு உக்காந்துது, உயரம் பழகறதுக்கு அது போதும், ஏன்னா இந்த வேலைல உயரம்தான் எல்லாம். மேல் அட்டை வெச்சப்புறம் குழாய்ல கால் அங்குலம் மிச்சம் இருக்கணும், அதுதான் சுருள்ற பாகம். கொறஞ்சா பிடிக்காது, கூடினா உள்ள மடிஞ்சு அட்டைய நசுக்கும். தாத்தா ஃபெல்ட்ட கூட்டிக் கொறச்சு இத சரி பண்ணியிருக்காரு, மருந்த தொடல.

அப்புறம் அந்த கைப்பிடி மெஷின். பாக்க பழைய காப்பிக்கொட்டை மெஷின் மாதிரியே மேஜை ஓரத்துல மாட்டும், ஒரு பக்கம் லீவர் தோட்டாவ முன்னாடி தள்ளும், இன்னொரு பக்கம் கைப்பிடி சுத்தினா உள்ள இருக்கற குமிழ் சுழண்டு காகித வாய உள்பக்கமா சுருட்டும். கேக்க சுலபம். எனக்கு மொதல் 11 தோட்டா வீண். கழுத்துகிட்ட வீங்கும், இல்ல வாய் கிழியும், இல்ல ஒரு பக்கம் மட்டும் சுருளும். பாய்க்கு துப்பாக்கிதான் தொழில், அவர் சின்ன வயசுலயே கடைத் தோட்டா சல்லிசா வந்துடுச்சு, இந்த மெஷின அவர் சுத்தினதே கொஞ்சம்தான். நோட்டுலயும் இத பத்தி ஒரு வரி இல்ல, தாத்தாவுக்கு அது எழுத வேண்டிய விஷயமாவே தோணியிருக்காது.

ஒரு நாள் தாம்பரம் அத்தைக்கு வேற எதுக்கோ போன் பண்ணப்ப பேச்சுவாக்குல இத சொன்னேன். அத்தைக்கு 74 வயசு. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "அந்த மெஷின் இன்னும் இருக்கா?"ன்னாங்க. "கைப்பிடி சுத்தறது நான்தாண்டா. அப்பா லீவர் பிடிப்பாரு, நான் சுத்தணும். எங்க அண்ணனுக்கு பொறுமை கிடையாதுன்னு என்னைத்தான் கூப்பிடுவாரு."

அடுத்த சனிக்கிழமை ஆட்டோ வெச்சு கடைக்கே கூட்டிட்டு வந்தேன். பாய் நாற்காலி போட்டாரு. அத்தை சேலைத் தலைப்ப சொருகிட்டு கைப்பிடிய பிடிச்சாங்க, நான் லீவர். நான் அழுத்தினதும் "தள்ளாதடா, சும்மா தொட்டுட்டு இரு"ன்னாங்க. ரொம்ப மெதுவா சுத்தினாங்க, கிட்டத்தட்ட நிக்கற வேகத்துல. "வாய்ல கொஞ்சம் மெழுகு தடவு. காகிதம் சூடாகணும், சூடானா அதுவே மடங்கும், அப்பதான் நீ தள்ளணும். அப்பா என் கைமேல கை வெச்சு சொல்லுவாரு, சூடு வந்துச்சா வந்துச்சான்னு." மெழுகு வாடை லேசா வந்துது. "இப்ப"ன்னாங்க. லீவர ஒரு நூல் அளவு தள்ளினேன்.

வெளில எடுத்தப்ப வாய் சுத்தி ஒரே சீரா, மோதிரம் வெச்ச மாதிரி சுருண்டு இருந்துது. பாய் வாங்கி நகத்தால தடவிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம அடுத்த காலிக் கேஸ எடுத்து அத்தை முன்னாடி வெச்சாரு. அன்னைக்கு 8 கட்டினோம், 8ம் நல்லா வந்துது. லைசன்ஸுக்கு மனு குடுத்திருக்கேன், அது வர வரைக்கும் மிளகுதான். அடுத்த வாரம் பித்தளைக் கேஸ், அதுக்கு 11 போர் பஞ்ச் தேடணும். அத்தை வரேன்னு சொல்லியிருக்காங்க.